இன்மையை அறியும் தகுதி

ஒரு பொருள் தென்படவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று எப்போது முடிவுகட்டலாம் என்ற வினா, இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வழக்காடிய ஒன்றாகும். தென்படாமையை ‘அனுபலப்தி’ என்றும், அதனால் அறியப்படும் இன்மையை ‘அபாவம்’ என்றும் வடநூலார் வழங்கினர். குமாரிலபட்டரின் மீமாம்சைப் பிரிவு அனுபலப்தியைத் தனியோர் அளவையாக, அதாவது மெய்யறிவைத் தரும் தனிக் கருவியாக, ஏற்றது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை அபாவத்தை அளவைகளின் வரிசையில் எண்ண, சிவஞான சித்தியாரோ அதனையும் சுட்டி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. இவ்வழக்கில் வலியுறுத்தப்பட்ட நிபந்தனை ‘யோக்கியதை’ எனப்படும் தகுதியாகும்: பொருள் அங்கே இருந்திருந்தால் தென்பட்டே இருக்கும் என்ற நிலையில்தான் தென்படாமை இன்மைக்குச் சான்றாகும். கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தில் பட்டப்பகலில் மேடையைப் பார்த்துவிட்டு வண்டி இல்லை என்பவர் அறிந்து சொல்கிறார்; அவ்வூர்க் கணவாயில் பனிமூட்டம் கவிந்த வேளையில் பத்தலேகலைக் குன்றைக் காணாமல் குன்றே இல்லை என்பவர் அறியாமல் சொல்கிறார்.

அலுவலக வலையமைப்புக்குள்ளிருந்து மின்னஞ்சல் பக்கம் திறக்காதபோது எழும் ‘சேர்வர் விழுந்துவிட்டது’ என்ற தீர்ப்பும் இவ்வகையில் ஆராயத்தக்கது. அதே பக்கம் கைப்பேசியின் டேட்டாவில் திறந்துகொள்ளுமாயின், குறை காணப்படும் பொருளில் அன்று, காணும் வழியில் இருக்கிறது என்பது தெளிவாகும். முகவரி கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு, பெயரை எண்முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சேவையைச் சோதிக்கச் சொல்கிறது. நேரம் கடந்தது என்பது, பயர்வால் போன்றதொரு தடுப்பு கோரிக்கையை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம் என்று ஐயுறச் செய்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையோ, மறுமுனையில் ஏதோ ஒன்று பதிலளித்துவிட்டது என்பதையே காட்டுகிறது. பிங் கட்டளைக்குப் பதில் வராமையும் சேர்வர் இறந்ததற்குச் சான்றாகாது; நன்றாக இயங்கும் சேர்வர்கள் பல அதற்குப் பதில் தராதவாறு அமைக்கப்பட்டிருப்பதால், அவ்விடங்களில் பிங் தகுதியற்ற கருவியாகிறது.

சேர்வர் அதே கட்டடத்தில் இருக்கும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. உள்ளிருப்பவர் அதன் வெளிமுகவரியை நாடினால், கோரிக்கை ரவுட்டர்வரை சென்று, அங்கிருந்து உள்ளே திருப்பிவிடும் ஏற்பாடு இல்லையெனில் வீணாகிறது. உலகின் எங்கிருந்தும் எட்டக்கூடிய பொருள், அடுத்த அறையில் இருப்பவருக்கு எட்டாமற் போகிறது. இதற்குத் தீர்வு, உள்ளிருப்போருக்கு அதே பெயருக்கு உள்முகவரியைத் தருவதோ, ரவுட்டரில் அத்திருப்பத்தை அமைப்பதோ ஆகும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியன இலங்கையெங்கும் தடுக்கப்பட, அச்சேவைகள் பிறநாடுகளில் வழக்கம்போல் இயங்கின, வி.பி.என். வழியே சென்றவர்கள் உள்நாட்டிலிருந்தும் அவற்றை எட்டினர். நாட்டளவில் நிகழ்ந்தாலும் தர்க்கம் ஒன்றே.

இத்தர்க்கத்தைச் சமய வினாவுக்கு நீட்டும்போதே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மனிதனை ஐந்து கந்தங்களாக, அதாவது கூறுகளின் தொகுதிகளாக, பகுத்துத் தேடியும் நிலைத்த ஆன்மா அகப்படவில்லை என்று பௌத்தம் வாதிடுகிறது; தேடும் உயிரையே ஆணவ மலம் என்னும் மாசு மறைத்திருப்பதால் அதன் காணாமை சான்றாகாது என்று சைவ சித்தாந்தம் மறுக்கிறது. மறைப்பைக் காட்டி வாதிடுவோருக்கு ஓர் ஆபத்து உண்டு. எந்தக் கூற்றையும் ‘உமக்குப் பக்குவம் இல்லை’ என்ற ஒரே விடையால் காப்பாற்றிவிடலாம். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி, இயல்பிலேயே புலனுக்கு எட்டாத பொருள்களின் தென்படாமை ஐயத்தை மட்டுமே தரும், மறுப்பைத் தராது என்று வரையறுத்தார். அவ்வையம் அப்பொருளின் உண்மையையும் நாட்டுவதில்லை.

அலுவலகச் சிக்கலில் இரு தரப்பாரும் ஏற்கும் வெளிச்சாட்சி கிடைக்கிறது; ஆன்மாவின் வழக்கில் அத்தகைய பொதுச்சாட்சி இல்லை. ஆகவே மறைப்பு உண்டு என்பவர் அது நீங்கும் வழியையும் நீங்கியதற்கான அடையாளத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிகளைச் சித்தாந்தம் வகுத்தது அக்கடமையை உணர்ந்தே எனலாம். இல்லை என்பவருக்கும் அதற்கு ஈடான கடமை உண்டு: எவ்வழிகளில் தேடினார், அவ்வழிகள் அப்பொருளைக் காட்டும் தகுதி உடையனவா என்று காட்டிய பின்னரே அவர் கூற்று அறிவெனப்படும்.