பிராணவாயுவும் அனுமான அளவையும்

நாம் உயிர்த்து வாழுங் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவாம். நம்முயிர்ப்பிற்கு இன்றியமையாமை பற்றி அதற்கு இப்பெயர் வழங்குவதாயிற்று. ஆயின், அவ்வாயுவுள்ள உலகமே உயிர்வாழும் உலகமென்றும், அஃதில்லாதது பாழுலகமென்றும் துணிதல் அளவை நெறிக்கு ஒக்குமோவென்பதை ஈண்டு ஆராய்வாம்.

நிலவுலகந் தோன்றி ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் சென்றன. சற்றேறக்குறைய 350 கோடி ஆண்டுகட்கு முன்னரே நுண்ணுயிர்கள் வாழ்ந்தமைக்கு மேலை ஆஸ்திரேலியாவின் பழம்பாறைகள் சான்று பகர்கின்றன. அக்காலத்துக் காற்றிற் பிராணவாயு இல்லையென்று சொல்லத்தக்க அளவினதே. பின்னர், ஞாயிற்றொளியால் நீரைப் பகுக்கும் நீலப்பசும் பாசி அதனை வெளிவிட, கடலிற் கரைந்திருந்த இரும்பு முதலியன அதனைப் பற்றித் துருவாய்ப் படிந்தன. அவை பற்றியதற்கு மிஞ்சியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகட்கு முன்னர்க் காற்றிற் கலந்து நிற்கலாயிற்று. முன்னிருந்த நுண்ணுயிர் பலவற்றிற்கு அது நஞ்சாம். அத்தன்மைய சில இன்றும் சேற்றினடியிலும் விலங்கின் குடரிலும் ஒதுங்கி வாழ்கின்றன. ஆகவே, ஓருடம்பிற்கு அமுதாவது பிறிதோருடம்பிற்கு நஞ்சாதல் பெற்றாம். தனுவும் புவனமும் தம்முள் இயையவே உயிர்கட்குக் கூட்டப்படும் என்னும் நம் கொள்கையோடு இது மாறுபடுவதன்று.

அற்றேல், பிராணவாயுவின் இன்மை உயிரின்மையைக் காட்டாதாயினும், அதன் உண்மை உயிருண்மையைக் காட்டுமன்றோ எனின், காட்டாது. செவ்வாயின் காற்றிலும் அது சிறிதுளது. கரியமிலவாயுவைக் கதிரொளி பகுத்தலான் ஆவது அது. நீராவி பகுபட்டு, ஹைட்ரஜன் விண்ணிற் சென்றொழியினும் பிராணவாயு எஞ்சும். புகையாற் கனலை உய்த்துணர்வோன் மூடுபனியைப் புகையென மயங்கலாகாது. பிராணவாயுவும் மீதேன் வாயுவும் மிகுதியாய் ஒருங்கு நிற்குமாயின், ஒன்றையொன்று அழிக்கும் இயல்பினவாகிய அவற்றை இடையறாது தருவதொன்று உண்டென்னுங் கருதல் வலிபெறும். அப்போதும் பிற காரணங்களை ஆராய்ந்து விலக்கிய பின்னரே துணிதல் முறையாம்.

இனி, வானநூலார் காணும் கோள்களே ஆகமங்கள் கூறும் 224 புவனங்களென்று எவரேனும் மகிழ்வாராயின், அம்மகிழ்ச்சி சைவத்திற்கு ஆக்கந் தருவதன்று. அப்புவனங்கள் தத்துவங்களில் அடங்கி நிற்பன, உரையளவையான் உணரப்படுவன. அவற்றிற்கு நிரம்பாத அனுமானத்தை முட்டுக்கொடுப்பின், நாளை அவ்வனுமானம் வீழுங்கால் ஆகமமும் வீழ்ந்ததெனப் பிறர் நகைப்பர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் அவ்வவற்றிற்குரிய எல்லையில் நிறுத்துதலே நம் ஆசிரியர் நெறியாம். ஐயமாயுள்ளதைத் தெளியுங்காறும் ஐயமென்றே வைத்தல் மெய்ந்நூற்கு இழுக்காகாது. மெய்ம்மையை நாடுவார்க்கு அதுவும் ஓர் அறமாமென்க.