தொட்டிலுக்கு மதம் உண்டோ?

பெற்றவள் பெயர் தெரியாது. பிறந்த மனை தெரியாது. குலமும் கோத்திரமும் கூற ஆளில்லை. தொட்டிலிலே கிடக்கிறது ஒரு பச்சிளங் குழந்தை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ஆம் ஆண்டு சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இத்தகைய குழந்தைகளுக்காக எழுந்ததுதான். பசித்தால் அழுகிறது, பால் கிடைத்தால் சிரிக்கிறது, விரலை நீட்டினால் பற்றிக்கொள்கிறது. அந்த விரல் திருநீறு தொட்ட விரலா, செபமாலை உருட்டிய விரலா, தொழுகைக்குக் கழுவிய விரலா என்று குழந்தை பார்ப்பதில்லை. ஆனால், அதனை எடுத்து வளர்க்க ஒருவர் முன்வந்தபோது, நெடுங்காலமாக இந்நாட்டுச் சட்டம் எழுப்பிய முதற் கேள்வி, "இவர் அன்போடு வளர்ப்பாரா?" என்பதன்று, "இவர் எந்த மதம்?" என்பதே!

குழந்தைக்காகச் சட்டமா, மதத்துக்காகக் குழந்தையா? இதனை ஆராய்வது நம் கடமை.

தத்து என்னும் ஏற்பாடு நம் நாட்டில் எப்படிப் பிறந்தது? அன்னையற்ற குழந்தைக்கு அன்னை தேட அன்று. பிள்ளையற்ற தகப்பனுக்குப் பிண்டம் போட ஆள் தேடவே பிறந்தது. 'புத்' என்றொரு நரகம் உண்டாம். அதினின்றும் தந்தையைக் கரையேற்றுபவன் புத்திரனாம். பெற்ற மகன் இல்லையேல், பிறர் மகனையேனும் பெற்றுத் தீரவேண்டும் என்றனர் சாத்திரிகள். வைதிகத்தின் பார்வையில் குழந்தை ஓர் உயிரன்று. மறு உலகப் பயணத்துக்கு வாங்கப்பட்ட ஓடம்!

ஓடம் வேண்டியவன் அதன் மரத்தையும் சாதியையும் பார்ப்பான் அல்லவா? எனவே வேறு சாதிப் பிள்ளை ஆகாது என்றனர். பிண்டம் போடும் உரிமை பெண்ணுக்கு இல்லை. ஆகவே பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் வழியில்லை என்றனர். சென்னை மாகாணத்தில் நீதிமன்றங்கள் வழக்கமென ஏற்றுக்கொண்ட பெண் தத்து ஒன்று இருந்தது. எது தெரியுமா? தேவதாசி ஒருத்தி, தன் தொழிலுக்கு வாரிசாக ஒரு சிறுமியை எடுக்கும் தத்து! வீட்டுக்கு மகளாகப் பெண் ஆகாது; கோயிலுக்குத் தாசியாக ஆவாள்! தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த பிறகே அக்கொடுமைக்கு முடிவு பிறந்தது.

விதவையின் நிலை என்ன? இராமநாதபுரம் சமஸ்தான வாரிசு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1868இல் தீர்ந்தது. கணவன் அனுமதி தராமல் இறந்திருப்பினும், திராவிட நாட்டு வழக்கப்படி, அவனுடைய உறவினர் இசைந்தால் விதவை தத்தெடுக்கலாம் என்றது தீர்ப்பு. ஏட்டை விட வழக்கம் வலிது என்ற அத்தீர்ப்பை அந்நாளில் முற்போக்கு என்றே கொள்ளவேண்டும். எனினும், ஒரு பெண் ஒரு பிள்ளையை மகனென்று அழைக்கக் கணவன் வீட்டு ஆண்களின் ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் பொருளாயிற்று. வளர்க்கப் போகிறவளின் அன்பை எவரும் எடைபோடவில்லை. வளரப்போகும் பிள்ளையின் நலனை எவரும் வினவவில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் இந்த இருட்டில் ஒரு சாளரத்தைத் திறந்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது; சாதித் தடையை நீக்கிற்று; தத்த ஹோமம் வளர்க்காவிட்டாலும் தத்து செல்லும் என்றது. பாராட்டுகிறோம். ஆனால் சாளரத்தைத் திறந்தவர்கள் உள்ளிருந்த ஒட்டடையை முற்றிலும் துடைக்கவில்லை. எடுப்பவரும் இந்துவாக இருக்கவேண்டும்; எடுக்கப்படும் குழந்தையும் இந்துவாக இருக்கவேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரையும் அச்சட்டம் இச்சொல்லுக்குள் அடக்கிக்கொள்கிறது. மகனைத் தத்தெடுக்க விரும்புபவருக்கு உயிரோடு ஓர் 'இந்து' மகனோ, மகன்வழிப் பேரனோ, கொள்ளுப்பேரனோ இருத்தல் கூடாது. ஏன் இந்த மூன்று தலைமுறைக் கணக்கு? பிண்டத்தின் கணக்கும் மூன்று தலைமுறைதானே! ஏன் அந்த 'இந்து' என்ற அடைமொழி? மதம் மாறிய மகன் உயிரோடு எதிரே நின்றாலும், இந்தக் கணக்கில் அவன் மகனல்லன்! பெற்ற பாசத்தையும் மதம் அழித்தெழுதும் விந்தையை இதனினும் வெளிப்படையாகக் காட்ட முடியுமோ?

மனைவியின் இசைவு பெற்றே கணவன் தத்தெடுக்கலாம் என்கிறது அதே சட்டம். நன்று. ஆனால் அவள் இந்துவாக இருப்பதை விட்டுவிட்டாளாயின், அவளுடைய இசைவு தேவையில்லையாம்! அவள் வீட்டில் இருக்கிறாள்; வந்து சேரும் குழந்தைக்கு இரவெல்லாம் விழித்திருக்கப் போகிறவளும் அவளே. ஆயினும் அவளைக் கேட்க வேண்டியதில்லை!

இஸ்லாமியர், கிறித்தவர், பார்சியர் நிலை வேறுவிதம். அவர்களுக்கெனத் தத்துச் சட்டம் இயற்றப்படவில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி ஒரு குழந்தைக்கு அவர்கள் காப்பாளர் ஆகலாம். பெற்றோர் ஆக முடியாது. வயது வந்ததும் முடிந்துவிடும் உறவு அது. வாரிசுரிமை தராத உறவு. 1972இல் எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்து மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, இஸ்லாமியத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர், மசோதா கைவிடப்பட்டது. 1980இல் இஸ்லாமியரை விலக்கி இன்னொரு மசோதா வந்தது, அதுவும் சட்டமாகவில்லை. அவைகளில் வாதங்கள் வளர்ந்தன. விடுதிகளில் குழந்தைகளும் வளர்ந்தனர், வீடின்றியே.

பிறகு வந்ததே இளைஞர் நீதிச் சட்டம். 2000இல் இயற்றப்பட்டு, 2006இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தெளிவாக்கியது. வழக்குத் தொடுத்தவர் ஷப்னம் ஹாஷ்மி என்னும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்மணி. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம். தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்க நீதிமன்றம் இசையவில்லை. ஆனால், மதத்தின் தனிச்சட்டம் என்ன கூறினாலும், விரும்பும் ஒருவர் இப்பொதுச் சட்டத்தின் வழியே செல்வதைத் தடுக்க முடியாது என்றது. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டம் 'மதம் எதுவாயினும்' என்ற சொற்களையே எழுதி வைத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டமும் தனியே நிற்கிறது. ஆக, இன்று இரண்டு பாதைகள். ஒன்றின் வாயிலில் மதம் காவல் நிற்கிறது. மற்றொன்றின் வாயிலில் குழந்தையின் நலம் நிற்கிறது.

இங்கே நண்பர் சிலர் குறுக்கிடுவர். "எங்கள் மறை தத்தை ஏற்கவில்லை, அநாதையை வளர்ப்பதை அறமென்கிறது, பெற்றவர் பெயரை மாற்றாதே என்கிறது. எங்களை ஏன் வற்புறுத்துகிறீர்?" என்பர். கஃபாலா எனப்படும் அம்முறையை இகழ்வது நம் நோக்கமன்று. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் அதனை ஒரு நல்வழியென ஏற்றுள்ளது. பொதுச் சட்டம் எவரையும் தத்தெடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நம்புகிறவர் தம் நம்பிக்கைப்படி வளர்க்கட்டும். மகனென்றே அழைக்க விரும்பும் மற்றொருவரின் வாயை அவருடைய மதத்தார் பொத்தக்கூடாது. அவ்வளவே நாம் வேண்டுவது.

இன்னொரு வாதம் இதனினும் கனமானது. "பிறந்த மதத்திலிருந்து குழந்தையைப் பிரிப்பது திருட்டல்லவா?" என்பது. பகுத்தறிவாளர் இதனைச் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. பிரான்சு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். நாசிகளிடம் சிக்கிய யூத மருத்துவர் ஒருவரும் அவர் மனைவியும் 1944இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். கிரெனோபிள் நகரில் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி அவர்களுடைய இரு சிறுவரையும் காத்தார். காத்தது பெருங்கருணை; ஐயமில்லை. ஆனால் போர் முடிந்து, அத்தைமார் பிள்ளைகளைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். 1948இல் ஞானமுழுக்குச் செய்வித்தார். நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும், 1953இல் பாதிரிமார் சிலர் சிறுவரை ஒளித்து, மலைகடந்து ஸ்பெயின் நாட்டுக்குக் கடத்தினர். அவ்வாண்டின் நடுவிலேதான் அவர்கள் உறவினரிடம் சேர்ந்தனர். காத்த கையே கைவிலங்கானது எதனால்? குழந்தையின் ஆன்மா தம் சபையின் சொத்து என்ற நினைப்பால்!

ஆகவே, பெற்றோர் இன்னாரென்று தெரிந்த குழந்தை, தன் மொழியும் வழிபாடும் நினைவிலிருக்கும் குழந்தை, வேற்று வீட்டுக்கு வரும்போது அந்நினைவைப் பறிக்க வளர்ப்பவருக்கு உரிமையில்லை. தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பில் இது இன்னும் இன்றியமையாதது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அம்முறையில் குழந்தை வேறொரு குடும்பத்தில் சிலகாலம் தங்குகிறது. அரசு பொருளுதவி தருகிறது. பெற்றோர் வந்து பார்க்கவும் இடமுண்டு. நாளை திரும்பக்கூடிய பிள்ளைக்கு, நாம் கும்பிடும் சாமியை இன்றே கும்பிடு என்று கற்பிப்பது விருந்தோம்பலா, வேட்டையா?

ஆனால் பெற்றோரே தெரியாத குழந்தைக்கு எந்த மதம்? 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1962இல் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கம் உண்டு. பெற்றோர் இருவராலும் கைவிடப்பட்ட குழந்தையோ, பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தையோ, இந்துவாக வளர்க்கப்பட்டால் இந்துவே என்கிறது அது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! மதம் இரத்தத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! வளர்ப்பினால் வரும் ஒன்றை, வளர்ப்பதற்கு முன்னரே கேட்பது எந்த நியாயம்? உழுசாலில் கிடைத்த சீதையைச் சனகன் மகளென்று எடுத்தான் என்று பக்தியோடு படிக்கிறார்கள். அவன் கோத்திரம் விசாரித்த பிறகு எடுத்தான் என்று எந்தப் பௌராணிகரும் கூறக் கேட்டதில்லை!

"கடவுள் நம்பிக்கையற்றவர் பிள்ளை வளர்க்கத் தகுதியுடையவரோ?" என்று கேட்பாரும் உண்டு. கேட்டதோடு நிற்கவில்லை, தண்டித்தும் இருக்கிறார்கள். 1817இல் கவிஞன் ஷெல்லி, தன் கொள்கைகளாலும் அவற்றின்வழி நடந்த வாழ்க்கையாலும் தகுதியற்றவன் எனப்பட்டு, பெற்ற மக்களை இழந்தான். நாத்திகம் பேசி, குடும்பக் கட்டுப்பாட்டு நூலை வெளியிட்ட அன்னி பெசன்ட் 1878இல் தம் மகளை இழந்தார். அதே அம்மையார் பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவியாகி, கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை உலக குருவாக்க வளர்த்தார். சிறுவனின் தந்தை வழக்கிட்டார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. 1914இல் பிரிவி கவுன்சில் அதனை மாற்றி, சிறுவர்களின் நலனும் விருப்பமும் அறியப்படவில்லையே என்று சுட்டியது. நாத்திகரிடமிருந்து ஆத்திகர் பறித்தனர். பறிகொடுத்தவர் பின்பு தம் புதிய நம்பிக்கைக்கு இன்னொருவர் பிள்ளையைக் கருவியாக்கினார். இடையில் நின்ற பிள்ளையின் குரல்தான் கடைசியில் நினைவுக்கு வந்தது!

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், பரம்பொருளை நம்பாதவர் என்பதற்காக ஒரு தம்பதிக்குத் தத்தை மறுத்தார் நீதிபதி ஒருவர். 1971இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. மதநம்பிக்கை இல்லை என்ற ஒன்றே தகுதிக்குறைவாகாது என்றது.

இத்தீர்ப்பைக் கேட்டுக் கைதட்டும்போது, அதன் மறுபுறத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். மதத்தை நம்பாதவர் வீட்டிலும் குழந்தை கொள்கைக்கு வாங்கிய கொடிக்கம்பம் அல்ல. 'கடவுள் இல்லை' என்பதைக் கிளிப்பிள்ளைப் பாடமாக ஒப்பிக்க வைப்பவர், திருப்புகழை ஒப்பிக்க வைப்பவரினின்றும் எவ்வாறு வேறுபடுவார்? 'ஏன்' என்று கேட்கும் துணிவைக் கொடுப்போம். விடையை அது தேடட்டும். அவ்விடை நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அன்றும் அது நம் பிள்ளையே. மதம் மாறிய மகனை மகனல்லன் என்று கணக்கெழுதும் சட்டத்தைக் கண்டிக்கும் நாம், கொள்கை மாறிய மகனை வீட்டைவிட்டு விரட்டலாமா?

சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒட்டியுள்ள மதச் சொற்களை நீக்குமாறு கேட்பது நம் வேலை. மீதி வழி நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. "எந்த வயிற்றுப் பிள்ளையோ, என்ன சாதியோ!" என்று, தத்தெடுக்க முன்வந்த தம்பியையும் தங்கையையும் தயங்க வைக்கும் முணுமுணுப்பு அங்கேதான் எழுகிறது. மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு அம்முணுமுணுப்பைக் கேட்டும் வாளாவிருப்போமாயின், நம் பேச்சு வெறும் ஒலி. பள்ளிப் பதிவேட்டிலே மதம், சாதி என்ற கட்டங்களை நிரப்பும் ஆசிரியர் கூட்டத்துக்கும் இது பொருந்தும்: தத்துப்பிள்ளை என்று தெரிந்ததும் புருவம் உயர்த்தாதிருத்தல் நம்மால் முடிந்த சிறு தொண்டு.

குழந்தைக்கு வேண்டியவை பாலும், பள்ளியும், பரிவும், தன் அறிவால் தன் வழி தேடும் உரிமையும். இந்நான்கையும் தரவல்லார் எவரோ, அவரே பெற்றோர். அவர் எங்கே தொழுகிறார், தொழுகிறாரா இல்லையா என்பது அவர் பாடு!