பட்டியலில் பெயர் உண்டு, கையில் இடம் இல்லை

ஆண்டுதோறும் மருத்துவக் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் இளம்பிள்ளை வட்டாரத்து வாலிபர்கள் சிலர் ஜும்ஆ முடிந்தபின் நம்மிடம் வந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "ஹஜ்ரத்! தரவரிசையில் பெயர் வந்திருக்கிறது. இடம் ஒதுக்கவில்லை. கிடைக்குமா, கிடைக்காதா என்றும் தெரியவில்லை. என்ன ஓதட்டும்?"

தேர்வில் தவறியவனுக்கு ஒரு துக்கம், அது சில நாளில் ஆறிவிடும். இடம் கிடைத்தவனுக்குச் சந்தோஷம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் பாடுதான் பெரும்பாடு. அவனால் அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. வீட்டிலோ பகலெல்லாம் தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்திற்கு மேலாக, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் உறவினர் சத்தம்.

முதலில் விஷயத்தின் உண்மை நிலையை அறிந்து கொள்வோம். நம் மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருந்து வருகிறது. ஒரு கல்லூரியில் மாநிலத்திற்குரிய இடங்கள் 100 என்றால் இதன்படி வருபவை 3 அல்லது 4 இடங்களே. பொதுப் பிரிவிலும் நம் பிள்ளைகள் போட்டியிடலாம். 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் கதவு குறுகலானது, வெளியே நிற்பவர்களோ அநேகர். 1986இல் தொடங்கிய சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி நம் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் அருகில் இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே காத்திருக்கும் பிள்ளையைத் திறமையற்றவன் என்று எண்ணும் தகப்பனார் கணக்குத் தெரியாதவர் என்றே சொல்வோம்.

இப்போது ஹிஜ்ரி 6ஆம் ஆண்டை நினைவு கூர்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் நுழைவதாகக் கனவு கண்டார்கள். நபிமார்களின் கனவு மெய்யானது. சுமார் 1400 ஸஹாபாக்கள் இஹ்ராம் உடுத்தி, குர்பானிப் பிராணிகளுடன் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். கஃபா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் உடன்படிக்கையோ இவ்வாண்டு திரும்பிச் செல்லுங்கள், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்றது. உமர் (ரலி) அவர்களுக்கே மனம் தாங்கவில்லை. நாம் கஃபாவுக்குச் செல்வோம் என்று தாங்கள் கூறவில்லையா என்று கேட்டார்கள். கூறினேன், ஆனால் இந்த ஆண்டே என்று கூறினேனா என்பதே நாயகம் அவர்கள் அளித்த பதிலின் கருத்து.

வாலிபர்களே, இந்தப் பதிலில் சற்று நில்லுங்கள். வாக்குறுதி பொய்க்கவில்லை, தேதியைத்தான் மனிதர்கள் தாமாகக் குறித்துக் கொண்டார்கள். நமக்கோ குறிப்பிட்ட கல்லூரி கிடைக்கும் என்ற வாக்குறுதி எதுவும் இல்லை. அப்படியிருக்க, கல்லூரியையும் ஆண்டையும் நாமே எழுதி அல்லாஹ்விடம் கையொப்பம் கேட்கிறோம்!

அதற்குப் பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நாயகம் கட்டளையிட்டும் ஸஹாபாக்கள் துயர மிகுதியால் எழவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி) அம்மையார் ஒரு யோசனை சொன்னார்கள். யாரிடமும் பேசாமல், தாங்களே முதலில் சென்று அந்தக் காரியத்தைச் செய்யுங்கள் என்பதே அது. நாயகம் அப்படியே செய்தார்கள், கண்ட மாத்திரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். மனம் சோர்ந்த வேளையில் நீண்ட உபதேசம் பயன்படாது, அடுத்த வேலையைத் தொடங்கி வைப்பதே பயன்படும் என்று ஒரு பெண்மணி அறிந்திருந்தார்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு உம்ரா நிறைவேறியது. ஹிஜ்ரி 8இல் சுமார் 10,000 பேருடன் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது.

ஸப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவதன்று. அடுத்த பாவு வரும்வரை காத்திருக்கும் நம்மூர் நெசவாளி தறியைத் துடைத்து எண்ணெய் விட்டு வைக்கிறார், பாவு வந்தபின் அதைச் செய்தால் கூலி நஷ்டம். அதுபோல, கிடைத்திருக்கும் வேறொரு படிப்பில் விதிகளைப் பார்த்துச் சேர்ந்து வைப்பதும், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைப்பதும் தவக்குலுக்கு விரோதமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

இனி ஒரு நுட்பமான விஷயம். முன்னால் உள்ள ஒருவர் விலகினால்தான் காத்திருப்போர் வரிசை நகரும். ஷைத்தானுக்கு இது வசதியான இடம். அவனுக்கு ஏதாவது ஆகட்டும், அவன் சான்றிதழில் பிழை வரட்டும் என்று மனம் எண்ணத் தொடங்கும். இது பொறாமை, நன்மைகளை எரித்துவிடும் நெருப்பு. அப்படியானால் எப்படி துஆச் செய்வது? யா அல்லாஹ், எனக்கு முன்னால் இருப்பவருக்கு இதைவிட மேலான இடத்தைக் கொடு என்று கேளுங்கள். அவருக்கு ஜிப்மரோ எய்ம்ஸோ கிடைத்தால் அவரும் மகிழ்வார், இந்த இடமும் காலியாகும். சகோதரனுக்காக மறைவில் கேட்கப்படும் துஆவிற்கு, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்று மலக்கு கூறுவதாக ஹதீஸில் வந்துள்ளது.

இடம் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறிடம் சேர முடிவு செய்துவிட்டு, விலகுவதற்குரிய காலம் கடக்கும்வரை இந்த இடத்தையும் பிடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அலட்சியத்தால் ஓர் ஏழையின் ஆண்டு வீணாகிறது. இதை அமானத்திற்குச் செய்யும் துரோகமாகவே நாம் கருதுகிறோம்.

காத்திருப்பவன் வாசலைத் தேடி வரும் தரகர்கள் வேறு. லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நாயகம் சபித்திருக்கிறார்கள். தாயத்து விற்பவரிடமும் பால் கிதாபு பார்ப்பவரிடமும் போக வேண்டாம். இஸ்திகாராத் தொழுகை இருக்கிறது. ஆனால் அதற்குக் கனவு வந்தே தீரவேண்டும் என்பது மக்களின் கற்பனை. நன்மையானதை எளிதாக்கி, தீமையானதைத் திருப்பிவிடு என்று கேட்பதே அதன் சாரம்.

மனம் கனக்கும் ஒரு செய்தியையும் சொல்லாமல் விட முடியாது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாணவி அனிதா, மருத்துவ இடம் கிட்டாமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக் கொண்டார். அந்தப் பிள்ளையைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? உயிர் அல்லாஹ்வின் அமானத், அதை நாமே முடிப்பது ஹராம். இதை எந்தப் பிள்ளையும் அறியும். பெற்றோர் அறிய வேண்டியது வேறு. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், உறங்காமல் கிடந்தால், இருந்து என்ன பயன் என்று பேசினால், ஈமான் குறைவு என்று ஏசாதீர்கள். தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம். யஃகூப் (அலை) அவர்கள் நபியாக இருந்தும் மகனுக்காக அழுது பார்வை மங்கினார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. அந்தக் கண்ணீரோடேயே, போய்த் தேடுங்கள், அவநம்பிக்கை கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள்.

கடைசியாக, பலர் கேட்கும் ஒரு சட்டம். சேர்க்கைக்காகச் சென்னை செல்பவர் ஊர் எல்லையைக் கடந்தது முதல் முஸாபிர். நான்கு ரக்அத் பர்ளை இரண்டாகத் தொழ வேண்டும். 15 நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை ஹனபிகளுக்கு இதுவே சட்டம். ஷாபிஈகளுக்குச் சுருக்குவது சலுகை. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணமிருந்தால் அச்சலுகை இல்லை. பிரயாணத்தில் ளுஹரையும் அஸரையும் அவர்கள் சேர்த்துத் தொழலாம், ஹனபிகள் அந்தந்த வக்தில் தொழ வேண்டும். கல்லூரி வரிசையில் நிற்கும்போது வக்து தவறும்போல் இருந்தால், பின்னால் நிற்பவரிடம் சொல்லி இடத்தை வைத்துவிட்டுப் போய்த் தொழுது வாருங்கள்.