அப்பூதியடிகள் பந்தலும் நம்ம புளோக்கும்



சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வீவக வீடுகளில் வாழ்கிறோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் வீடு கட்டாமல், தூண்களை மட்டும் நிறுத்திக் காலியாக விட்டிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். 1970களில் பரவலான இந்த அமைப்பு, மக்கள் சந்திக்கவும் கூடவும் விட்ட இடம். இந்த வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம். நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கும் அதே இடம்தான்.

நான் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். ஒரு பாடத்துக்காக, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எங்கள் கீழ்த்தளத்தில் மூன்று நாள் மாலை கணக்கெடுத்தேன். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை நடுவில் இருக்கிறது. நல்ல காற்று, நல்ல நிழல். ஆனால் பெரும்பாலும் காலிதான். மூன்று நாளும் ஒரு தமிழ்ப் பாட்டி மட்டும் அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில், புழுக்கமான மூலையில், தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பாட்டி, அந்த மேசையில காத்து நல்லா வருமே?" என்று கேட்டேன்.

"அங்க உட்கார்ந்தா யாருப்பா வரப்போறாங்க? இங்கன்னா லெட்டர் எடுக்க வர்றவங்க ஒரு வார்த்தையாவது பேசிட்டுப் போவாங்க. நீ ஒம்பதாவது மாடிப் பையன்தானே?"

அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஒரே லிஃப்டில் எத்தனை தடவை போயிருப்போம்! அன்றைக்கு என் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

முன்பு பழைய புளோக்குகள் பலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்றதில்லை. ஏதோ ஒரு மாடியில் இறங்கி, நடைபாதையில் பல வாசல்களைத் தாண்டி, படி ஏறித்தான் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு அந்தச் சிரமம் படிப்படியாகக் குறைந்தது. முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வாசலைத் தாண்டும்போது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட பழக்கமும் கூடவே குறைந்தது. இடத்தைக் கட்டடம் கொடுக்கும். நின்று பேசுவதற்குக் காரணத்தை யாராவது உண்டாக்க வேண்டும்.

அப்படி உண்டாக்கியவர்தான் அப்பூதியடிகள். பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். திங்களூரில், வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். நிழல், தண்ணீர், கொஞ்சம் உட்கார இடம். அவ்வளவுதான். அதற்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். ஒருநாள் அந்த வழியாக வந்த திருநாவுக்கரசரே பந்தலைப் பார்த்து, இதை வைத்தவர் யார் என்று விசாரித்து, அவர் வீட்டுக்குப் போனார். முன்பின் பார்க்காத இருவரைச் சேர்த்து வைத்தது ஒரு பந்தல்!

நாம் ஒரு சின்ன நிகழ்ச்சி செய்தாலும் முதலில் பேனர்தான் அடிக்கிறோம், இல்லையா?

பகிர்ந்து வாழ்வது இந்த ஊரில் நமக்குப் புதிதும் அல்ல. 1827இல் அமைந்த சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில், கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அடைக்கலம் கொடுத்தது. கும்பிடும் இடமே குடியிருக்கும் இடமாகவும் இருந்தது. மனிதர்களை நடமாடும் கோயில்களாகப் பார்த்தவர் திருமூலர். அந்தக் கோயில்கள் தினமும் நம்மோடு லிஃப்டில் வருகின்றன. நாமோ போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் இரண்டு நண்பர்களும் அந்தக் கல்மேசைக்குச் சுண்டல் கொண்டு போகிறோம். உட்கார்ந்து பேச யாரிடமும் பெர்மிட் வாங்க வேண்டாம். முதல் வாரம் பாட்டி மட்டும்தான் வந்தார். போன வாரம் நான்காவது மாடிச் சீனத் தாத்தா சதுரங்கக் காய்களோடு வந்துவிட்டார். மலாய் அக்கா ஒருவர் பலகாரத் தட்டை வைத்துவிட்டு, நின்றபடியே அரைமணி நேரம் பேசினார். பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டி இப்போது காற்று வரும் இடத்தில் உட்காருகிறார்.

நாளைக்கு நான் பொறியாளர் ஆகி எத்தனை புளோக் கட்டினாலும், பாட்டி சொன்னதை மறக்கக் கூடாது என்று இறைவனிடம் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் பொறியாளர் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரிடம் பெயரைக் கேளுங்கள். உங்கள் பந்தலுக்கு அதுவே முதல் கால்.

திருச்சிற்றம்பலம்.