சொட்டு விழுகிற இடமும் கசிவு பிறக்கிற இடமும்

ஒருவன் மேல் நாம் குற்றம் சாட்டுகிறோம். மனதார நம்பித்தான் சாட்டுகிறோம், பொய் சொல்லவில்லை. பிறகு பார்த்தால் அவன் குற்றமற்றவன். அப்படியானால் நாம் செய்தது பாவமா, வெறும் தவறா? "எனக்குத் தெரியாதே, தெரிஞ்சா சொல்லியிருப்பேனா?" என்று கையைக் கழுவிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு பழைய அம்பாசடர் கார்.

1997-ல் அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கினேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த வண்டி, 1489 சி.சி. எஞ்சின். தூத்துக்குடி உப்புக் காற்றில் பாடி துருப்பிடித்திருந்தாலும் எஞ்சின் நன்றாக ஓடியது. ஆனால் சில மாதங்களில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுத்தால் முற்றத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாய் ஒரு கறை.

ஒரு பட்டறையில் விட்டேன். டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றினார்கள். ஒரு வாரம் நின்றது, மறுபடி ஒழுகியது. சம்ப்பைக் கழற்றி அந்தப் பேக்கிங்கையும் மாற்றினார்கள். இப்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டியது. மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சம்ப்பை மாட்டியவன் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன். "இவன் போல்ட்டைச் சரியா முறுக்கலை. வேலை தெரியாதவனை வச்சு என் வண்டியைக் கெடுக்கிறீங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். முதலாளி ஒன்றும் பேசாமல் அந்தப் பையனின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். உள்ளதைச் சொல்லுகிறேன், அப்போது எனக்கு வருத்தமாய் இருக்கவில்லை. நியாயம் கிடைத்தது என்றுதான் இருந்தது.

எண்ணெய் மட்டும் நிற்கவில்லை!

கடைசியில் திரேஸ்புரத்தில் படகு எஞ்சின் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. "முதல்ல கழுவணும் தம்பி" என்றார். எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்தார். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை வாங்கிவரச் சொல்லி, எஞ்சின் மேலெல்லாம் தூவினார். வண்டியை ஓடவிட்டார்.

"எண்ணெய் மேலேருந்து கீழே வழியும். ஃபேன் காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால சொட்டு விழுற இடத்தைப் பாத்து ஏமாறக் கூடாது. மேலேருந்து தேடிக்கிட்டு வரணும். எந்த இடத்துல பவுடர் முதல்ல நனையுதோ அதைத்தான் பிடிக்கணும். 1961-ல இங்க கடைசியா முத்துக் குளிச்சப்போ நான் சின்னப் பையன். சிப்பியை அழுகவிட்டு, கழுவிக் கழுவித்தான் முத்தை எடுப்பாக. கழுவாம ஒண்ணும் தெரியாது தம்பி."

பவுடர் ஓர் இடத்தில் அல்ல, மூன்று நான்கு இடங்களில் நனைந்தது. அதைப் பார்த்ததும் அவர் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். குப்குப்பென்று காற்று வெளியே வந்தது. "பேக்கிங்ல குறையில்ல. இந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். அதுதான் பிரீதர். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் வரும். அதுவும் இந்தப் பழைய எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிற திருகுவரிப் பள்ளம்தான் உண்டு. உள்ளே அழுத்தம் இருந்தால் அந்தப் பள்ளத்தால் எண்ணெயைத் தடுக்க முடியாது.

மேலே ஏர் கிளீனருக்குப் போகிற ஹோஸ் கசடு பிடித்து அடைத்திருந்தது. அவர் வண்டிக்கு அடியில் படுத்து, கீழ்நோக்கி வருகிற பிரீதர் குழாய்க்குள் விரலை விட்டார். ஒரு துணிச்சுருள் வந்தது.

அதைப் பார்த்ததும் என் முகம் செத்துப்போயிற்று. அது எங்கள் வீட்டுப் பழைய துண்டு! முற்றத்துக்குப் புதிதாய் சிமெண்ட் போட்ட நாட்களில், அந்தக் குழாய் முனையில் இரண்டொரு சொட்டு விழுகிறதென்று நானே அதைத் திணித்திருந்தேன். பிறகு மறந்தே போனேன்.

அருமையானவர்களே, தாவீது ராஜாவிடம் நாத்தான் போய் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னது உங்களுக்குத் தெரியும். தாவீதுக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்தக் கோபமும் பொய்க் கோபமல்ல. ஆனால் குற்றவாளி யாரென்று அவன் வெளியே தேடிக்கொண்டிருந்தான். அன்றைக்குத் திரேஸ்புரத்தில் அந்த எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நான் மனதார நம்பினேனே, அது போதாதா? போதாது என்றே சொல்லுவேன். நம்புவது சுலபம், சோதித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். கழுவிப் பார்க்காமல், மேலேயிருந்து தேடாமல், கண்ணில் பட்ட முதல் ஆளைப் பிடித்தேன். அந்தத் தம்பி எதிர்த்துப் பேச முடியாதவன் என்பதும் என் உள்மனதுக்குத் தெரியும். சம்ப்பில் குறை என்று முதலில் சொன்ன முதலாளி மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வரவில்லை? எண்ணெய் பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறதுபோல, நம் கோபமும் பலவீனமான ஆளைத் தேடிப் போகிறது. யாருடைய ஒரு வார்த்தையால் இன்னொருவன் பிழைப்பு போகுமோ, அவனுக்குச் சோதித்துப் பார்க்கிற கடமை அதிகம். அந்தக் கடமையைத் தட்டிக்கழித்தவன் "தெரியாதே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

சரியாய்த் தேடுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் ஏ380 விமானத்தில் ஓர் எஞ்சின் வெடித்தது. உள்ளே 469 பேர். விமானம் சிங்கப்பூருக்கே திரும்பி இறங்கியது, எல்லாரும் பிழைத்தார்கள். ஆஸ்திரேலிய விசாரணைக் குழுவினர் உடைந்த டர்பைன் தட்டைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. தட்டு ஏன் உடைந்தது? உள்ளே தீப்பிடித்ததால். தீ ஏன்? எண்ணெய் கசிந்ததால். எண்ணெய் ஏன்? ஒரு சின்னக் குழாயில் விரிசல். விரிசல் ஏன்? குழாயின் உட்புறத்தைக் கடைந்தபோது மையம் விலகி, ஒரு பக்கம் மெலிந்துபோயிருந்தது. அதோடும் விடவில்லை. அப்படிப்பட்ட குழாய் தொழிற்சாலையின் பரிசோதனையைத் தாண்டி எப்படி வெளியே வந்தது என்றும் கேட்டு, 2013-ல் அறிக்கை கொடுத்தார்கள். "எவன் கடைந்தான், அவனைப் பிடி" என்று நின்றிருந்தால் மற்ற விமானங்களுக்கு என்ன பிரயோஜனம்?

நான் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பட்டறைக்குப் போய் எல்லார் முன்னாலும் துணியைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னேன். வேலையில்லாத நாட்களின் கூலியைக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான். முதலாளி மறுபடி கூப்பிடுகிறார் என்றேன். வரமாட்டேன் என்றான். "அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. பிரீதரைப் பாக்கணும்னு நான் முதலாளிகிட்ட சொன்னேன். யாரு கேட்டா?"

இத்தனை வருஷமாகியும் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது. கூலியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அவனிடம் கேட்காமல் விட்டதை எதைக் கொடுத்து ஈடுகட்டுவேன்?

பிரியமானவர்களே, நம் வீட்டிலும் வேலை இடத்திலும் ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளை எதிர்த்துப் பேசுகிறான், வேலைக்காரன் முகம் சுளிக்கிறான். உடனே பேக்கிங்கை மாற்றப் போகிறோம். அடுத்த முறை ஒருவர் மேல் விரல் நீட்டுமுன், கொஞ்சம் கழுவிவிட்டுப் பார்ப்போம். மேலேயிருந்து தேடுவோம். அந்த ஆளிடமே ஒரு வார்த்தை கேட்போம். எங்கேயோ மூச்சு அடைத்திருக்கிறதா, அதை அடைத்த துணி நம் வீட்டுத் துணிதானா என்றும் பார்ப்போமா?