மாவுக் கோழியும் அட்டை விமானமும்

உயிரில்லாத ஒன்றை அழித்தவனும் கொலைக் குற்றத்துக்கு ஆளாவானோ? இவ்வினா நமக்குப் புதிதன்று. உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, அரிசி மாவினால் செய்த கோழியைச் சண்டமாரியின் முன் வெட்டினான். அவ்வினையால் இருவரும் மயிலும் நாயுமாய்ப் பிறந்து, பல பிறவிகளில் அல்லலுற்றனர் என்று யசோதர காவியம் கூறுகின்றது.

அதே வினாவை இக்கால விளையாட்டொன்றும் எழுப்புகின்றது. வான்போரை மேசைமேல் அட்டைகளையும் சிறு உருவங்களையும் கொண்டு ஆடுவர். 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிரிம்சன் ஸ்கைஸ்’ போன்றவற்றில், உலகில் எங்கும் பறந்திராத விமானங்களே பறக்கும். ஆர்வமுடையோர் தாமே ஓர் இலகுரகக் குண்டுவிமானத்தைக் கற்பனையில் படைத்து, அதன் வேகம், திரும்பும் திறன், சுமக்கும் குண்டின் எடை ஆகியவற்றை எண்களாக வகுப்பதும் உண்டு. குண்டின் எடை கூடினால் வேகம் குறையும். கணக்கறிவுக்கு நல்ல பயிற்சியே.

“அட்டைக்கு உயிரில்லையே, இம்சை எங்கே?” என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? யசோதரன் ஓர் உயிரைப் பலியிடுவதாகவே சங்கற்பித்து மாவுக் கோழியை வெட்டினான். விளையாடுவோனிடம் அத்தகைய சங்கற்பம் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் நடுநிலையாகாது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சண்டை விமானத்துக்கு எதிரே மற்றோர் ஆட்டக்காரர் அமர்ந்திருப்பார். குண்டுவிமானத்தின் இலக்கோ தரையிலுள்ள ஒரு கட்டம். அக்கட்டத்தில் வாழ்வோர் சார்பில் மேசையருகே எவரும் இலர். 1911 நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி, லிபியாவில் விமானத்திலிருந்து நான்கு சிறு குண்டுகளைக் கையால் வீசினார். 26 ஆண்டுகளுக்குள், 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயினின் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மேலிருந்து நோக்குவோர்க்கு ஊரும் ஒரு கட்டமே.

பயனின்றித் தீவினை ஈட்டும் அனர்த்த தண்டத்தை நீக்குமாறு நம் ஆன்றோர் இல்லறத்தார்க்கு விதித்தனர். பிறர் அழிவை நினைத்தலும் அதனுள் அடங்கும். அழிவில் மகிழ்தலை இம்சானந்தம் என்னும் ரௌத்திர தியானமாக வகுத்தனர். எண்களை வகுக்கையில் அது இல்லை. கட்டம் எரிந்ததென்று துள்ளும் மகிழ்ச்சியிலேயே அது முளைக்கின்றது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்தார். அதனை ஆடியோர்க்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்று அவர் நம்பினார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. விளையாட்டு தானே அறத்தைக் கற்பிப்பதில்லை. அருகிருப்போர் கற்பிக்க வேண்டும்.

ஆதலின் பிள்ளைகளின் கையிலுள்ள அட்டையைப் பறிக்க வேண்டுவதில்லை. அவர்கள் அருகில் அமர்வோம். “இக்கட்டத்தில் யார் வாழ்கின்றனர்?” என்று கேட்போம். பேச எவருமில்லாத அக்கட்டத்தின் சார்பில் பெற்றோராகிய நாம் பேசுவோம். அதுவும் கொல்லாமை நோன்பின் ஒரு பகுதியே.