கட்டி எடுத்துப் போவது

மாதக்கணக்கில் தீவுகளிடையே பாய்மரப் படகில் திரியப் போகிறவன் முதலில் செய்வது ஒரு பட்டியல். அதை மளிகைக் கணக்காக மட்டும் படித்தால் விஷயம் தப்பிவிடுகிறது. தன் தேவை இவ்வளவுதான் என்று ஒரு மனிதன் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் குறைவு. ஊரில் இருப்பவனுக்குத் தெருமுனைக் கடை இருக்கிறது. அவன் தேவை தினம் தினம் சில்லறையாகக் கரைந்து கண்ணில் படாமலே போகிறது. கடலுக்குப் போகிறவன் மொத்தத்தையும் ஒரே இடத்தில் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்திலிருந்து மே மாதம் கிளம்பி, ஃபிஜியின் கிழக்கே லாவு தீவுகளில் சுற்றிவிட்டு, நவம்பரில் புயல் பருவம் தொடங்குகையில் திரும்பும் படகுகளை எடுத்துக்கொள்வோம். இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்றாலும் 90 நாளுக்கு 360 லிட்டர் தண்ணீர். அரிசி, மாவு, பருப்பு, வெங்காயம். டின்களின் லேபிளை உரித்துவிட்டு மசியால் பெயர் எழுத வேண்டும். இல்லாவிட்டால் படகடியில் தேங்கும் நீரில் காகிதம் ஊறிப் பம்பை அடைத்துவிடும். அட்டைப் பெட்டிகள் கரையிலேயே நிற்கும், மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்குமென்று. கோழிமுட்டை ஓட்டில் வாசலின் தடவினால் குளிர்பெட்டியில்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். இன்று பல படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டு. அது பழுதானால் என்ற கேள்வி பட்டியலை இன்னும் நீளமாக்குகிறது.

(ஃபிஜி என்றதும் நமக்கு நினைவு வருவது பாரதியின் கரும்புத் தோட்டம். 1903இலிருந்து சென்னையில் கப்பலேறிப் போன கூலிகளுக்குப் பட்டியல் போடும் உரிமையே இல்லை. அவர்களுடைய அரிசியின் அளவைச் சர்க்கார் விதி தீர்மானித்தது. தன் பயத்தைத் தானே கணக்கிடுவதும் ஒரு வசதிதான்.)

ஆமாம், பயம். பட்டியலின் ஒவ்வொரு வரியும் நேராத ஒரு விபத்துக்குப் பதில். இதைக் கண்டுகொண்டவர் பெர்னார் முவாதெஸ்யே. 1968இல் தனியாக உலகைச் சுற்றும் போட்டிக்குக் கிளம்புமுன் தன் ‘ஜோஷுவா’விலிருந்து எஞ்சினையே இறக்கிவிட்டார், கடலில் போய்ச் சேர்ந்த பிறகும் உணவுப் பொருள்களை வீசியெறிந்தார். கடைசியில் போட்டியையும் உதறி, 1969இல் டஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தத் துறவு நம்மவர்களுக்கு உடனே பிடித்துவிடும். எனக்கு அதில் ஒரு தயக்கம். அவர் பொருளை உதறியது ஆளில்லாத சமுத்திரத்தில். அங்கே குறைவாக வைத்திருப்பவனால் யாருக்கும் பாரமில்லை. தீவு அப்படியல்ல. ஓடையில்லாத சுண்ணாம்புக்கல் தீவில் மழைத் தொட்டிதான் குடிநீர். மாவும் சர்க்கரையும் சரக்குக் கப்பல் வந்தால் உண்டு. அங்கே வெறுங்கையோடு போய் இறங்குகிறவனின் எளிமைக்கு விலை கொடுப்பது இன்னொருவனுடைய தொட்டி.

ஆக, நிறைய ஏற்றிக்கொள்வதே தர்மமா? அதுவும் முழுக்க நிற்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டவன் எவரிடமும் எதையும் வாங்காமல் இருக்க முடியும். ஃபுலாங்கா தீவில் வந்து சேரும் படகுக்கு ஒரு குடும்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, படகிலேயே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்பவன் மரியாதையாக நடந்துகொள்வதாக நினைக்கலாம். கேட்பவர்களுக்கு அது கதவைச் சாத்தும் சத்தம்.

இங்கேதான் பட்டியலில் ஒரு விசித்திரமான வரி: யங்கோனா. ஒருவகை மிளகினச் செடியின் உலர்ந்த வேர். இடித்து நீரில் கரைத்துக் குடிப்பார்கள். சுவா சந்தையில் அரைக் கிலோக் கட்டாக வாங்கிப் போய், கிராமத்தில் இறங்கியதும் வேறெதற்கும் முன்னால் தலைவர் முன்னிலையில் வைக்க வேண்டும். செவுசெவு என்பது அந்தச் சடங்கு. அவர் ஏற்றுக்கொண்டால்தான் அந்த நீரில் நங்கூரம் போடவும் மீன் பிடிக்கவும் நடமாடவும் அனுமதி. படகிலுள்ள மற்றதெல்லாம் பிறரை நாடாமலிருக்க. இது ஒன்று மட்டும் நாடுவதற்காக.

இன்று இதுவும் நுழைவுச்சீட்டாகிவிட்டது, படகுக்காரர்கள் தீவுக்கொன்று என எண்ணிப் பத்துக் கட்டு வாங்கிக் கொள்கிறார்கள் என்ற ஆட்சேபம் வரும். முன்கூட்டியே எண்ணி வைத்தது காணிக்கையாகுமா? ஆகும் என்றே நினைக்கிறேன். தாம்பூலத் தட்டில் எத்தனை வெற்றிலை என்று எண்ணித்தான் வைக்கிறோம். காணிக்கையின் உயிர் கொடுப்பவனின் உள்நெகிழ்ச்சியில் இருப்பதாக எண்ணுவது நாவல் படித்து வந்த பழக்கம். வேரை வாங்கிக்கொண்டவர் அன்றிலிருந்து வந்தவனுக்குப் பொறுப்பாகிறார். வந்தவனும் கிராமத்துக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு நடக்கக் கடமைப்படுகிறான். எண்ணிக்கை இதைக் கெடுப்பதில்லை. வேரைக் கொடுத்துவிட்டுப் படகுக்குத் திரும்பி டின்னைத் திறப்பதுதான் கெடுக்கிறது.

பருவம் முடிந்து படகுகள் ஓபுவாத் துறைக்குத் திரும்பும்போது அதிகாரிகள் ஏறிச் சோதிக்கிறார்கள். பூச்சியும் நோயும் நுழையாதிருக்க, மீந்த பழம், காய், தேன் முதலியவற்றைப் பையில் கட்டி எடுத்துப் போகிறார்கள். டின்களில் பல மிஞ்சுகின்றன, மசி அழிந்து, உள்ளே என்னவென்று தெரியாமல்.